ஜிஇ-யை முதலில் முடித்துவிடச் சொல்லாதீர்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் முதலில் படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறட்டும் என்று பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். "முதல் வருஷம் ஜிஇ எல்லாத்தையும் முடிச்சிடட்டும், மேஜர் பாடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நம் வீடுகளில் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஜிஇ என்றால் எந்தத் துறைக்குப் போனாலும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்கள், மேஜர் என்றால் பிள்ளை தேர்ந்தெடுக்கும் முக்கியத் துறை. வரலாறோ ஆங்கிலமோ படிக்கப்போகிற பிள்ளைக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று போகிறவர்களுக்கு இந்த யோசனை ஒரு முழு வருஷத்தையே தின்றுவிடும்.

பொதுப் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரிசை கிடையாது. சமூகவியலை முதல் செமஸ்டரிலும் எடுக்கலாம், கடைசியிலும் எடுக்கலாம். கணக்கு அப்படியல்ல. கால்குலஸ் ஒன்றை முடித்தால்தான் இரண்டு, இரண்டை முடித்தால்தான் மூன்று, அதற்கப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், ஆக அதுவே நாலு செமஸ்டர். இயற்பியலும் கால்குலஸின் பின்னாலேயேதான் வரும். ப்ரீ-கால்குலஸில் தொடங்க வேண்டிய பிள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு செமஸ்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் கல்வித் திட்டத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், சமூகவியல், திரைப்பட ரசனை, மேடைப்பேச்சு. கணக்கு ஒன்றுகூட இல்லை. அவள் போக நினைப்பதோ மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! உட்கார்ந்து, எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து அவளுடைய கல்லூரி, போக விரும்பும் பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் கொடுத்தோம். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கிற பாடம், வலப்பக்கம் அவள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். சில இடங்களில் ஈடான பாடமே இல்லை என்று வரும். அப்படியானால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது இரண்டாம் வருஷத்தில் தெரிந்தால் என்ன செய்வது?

2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஜிஇ பாடங்களுக்கென்று கால்-ஜெட்சி என்ற ஒரே பட்டியல்தான், யுசிக்கும் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அதுதான், கால் ஸ்டேட்டுக்கும் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) அதுதான். 11 பாடங்கள், 34 யூனிட் (கிரெடிட்), ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வாங்க வேண்டும், சி மைனஸ் செல்லாது. பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் இன்ஜினியரிங் பிள்ளைக்குக் கால்குலஸே கணக்குப் பகுதியை அடைத்துவிடும், இயற்பியலும் அதன் லேபும் அறிவியலில் பெரும்பகுதியை அடைத்துவிடும். மிச்சத்தைக் கடினமான கணக்கு இருக்கிற செமஸ்டர்களில் ஒவ்வொன்றாகச் செருகினால் பிள்ளைக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

முக்கியமான ஒன்று: யுசியில் இடம் கிடைக்க இந்தப் பட்டியலை முழுசாக முடித்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. 60 செமஸ்டர் யூனிட்டும், ஆங்கிலத்தில் இரண்டு, கணக்கில் ஒன்று என்று தொடங்கும் ஏழு பாடங்களும்தான் அடிப்படைத் தகுதி. இன்ஜினியரிங்குக்கு அவர்கள் முதலில் பார்ப்பது மேஜருக்கான முன்தயாரிப்பை.

அதற்காக ஜிஇ வெறும் சுமை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், அதுவும் தப்பு. அந்தப் பட்டியலில் இனக்குழுக்களைப் பற்றிப் படிக்கிற எத்னிக் ஸ்டடீஸ் பகுதிக்கு ஆசிய அமெரிக்கர் வரலாறு மாதிரி ஒன்றை எடுத்தால், இங்கே குடியேறிய இந்தியர்கள் இந்த நாட்டின் குடியுரிமை பெற முடியாது என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பகத் சிங் திண்ட் வழக்கு வரை படிக்க வாய்ப்பிருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சரி, தேதிக்கு வருகிறேன். யுசியின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் டாக் என்ற உறுதிச் சேர்க்கை தருகின்றன, அதாவது அவர்கள் சொல்லும் நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி. ஆனால் எல்லா மேஜருக்கும் கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ இதில் இல்லை. டாக் விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டும்தான். அந்த மாதத்தில் கல்லூரியில் பாட ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்ப்பது குதிரைக்கொம்பு, கோடை விடுமுறையிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், போகும்போது அசிஸ்ட் பக்கத்தை அச்செடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.