பழைய கார்க்காரர் சங்கம் – செயலாளரின்ர ஆண்டறிக்கை

தலைவர் அண்ணைக்கும் நிர்வாகசபை ஆக்களுக்கும் மழைக்குள்ளயும் வெளிக்கிட்டு வந்த எல்லாருக்கும் வணக்கம். போனமுறை அறிக்கை நீண்டு போச்சுதெண்டு பின்வரிசையில முணுமுணுத்தவை, அதால கூட்டங்கள், சந்தா, புது அங்கத்தவர் விபரம் எல்லாம் கூட்டக்குறிப்பில கிடக்கு, எடுத்து வாசியுங்கோ, நான் திருப்பிச் சொல்லேல்ல.

இந்த வருசம் சங்கத்தில கூடக் கதைச்சது ஒரே விசயம், டர்போ கார் இழுக்குதில்லை எண்டதுதான் (டர்போ எண்டது எஞ்சினுக்குள்ள காத்தை அமத்தித் தள்ளுற சாமான்). 2020 மார்ச்சில இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் எங்களைப் போல ஆக்கள் கார் எடுக்கலாமெண்டு விட்டவை, விட்டும் என்ன, வரியோட விலையைக் கேட்டா தலை சுத்துது, அதால எல்லாரும் தொண்ணூறுகளில வந்த காரைத்தான் தட்டித் தட்டி ஓடுறம். இழுவை குறைஞ்சோடன கராச்சில சொல்லுறது "டர்போ போயிட்டுது, ரீகண்டிஷன் பண்ணின பழசு ஒண்டு போடுவம்". எங்கட ஞாயிற்றுக்கிழமைப் பார்வைக்கு வந்த கார்களில உண்மையா டர்போ போனது அருமை. அனேகமா பிழை காத்துப் போற வழியில, இல்லாட்டி டீசல் வாற வழியில.

கோப்பாய் அண்ணையின்ர 2சி-டி எஞ்சின் போட்ட டொயோட்டாவைச் சொல்லவேணும். சோளகக் காத்து அடிக்கேக்க பண்ணைப் பாலத்தால வேலணைப் பக்கம் போனா எதிர்க்காத்துக்கு மூண்டாம் கியரிலயும் ஏங்குது, அக்சிலேற்றரை அடிமட்டம் மிதிச்சாலும் புகை ஒரு பொட்டும் இல்லை. அவர் டர்போவுக்குக் காசும் ஆயத்தம். எங்கட உபதலைவர் பின்னால நிண்டு சைலன்சரைப் பாத்திட்டுச் சொன்னது, "புகையே இல்லையெண்டா டீசல் காணாது, டர்போவை விடு" எண்டு. டீசல் பம்புக்கு மேல டயபிரம் எண்டு ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, எஞ்சினுக்குக் காத்துப் போற இன்ரேக் மனிபோல்டில இருந்து ஒரு சின்ன ஹோஸால காத்தழுத்தம் அதுக்கு வரும், அழுத்தம் கூடக்கூட பம்ப் டீசலைக் கூட்டிவிடும். அந்த ஹோஸை எலி கடிச்சு வைச்சிருக்கு! ஒரு சாண் புது ஹோஸ், ரெண்டு கிளிப், கதை முடிஞ்சுது.

மறுவளமா கறுப்புப் புகை தள்ளி, மிதிக்கேக்க "உஸ்" எண்டு சத்தமும் வந்தா டீசல் போகுது, காத்துத்தான் இடையில ஒழுகுது. டர்போக் காத்தைக் குளிராக்கிற இன்ரர்கூலரின்ர ஹோஸின்ர அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ, மேலால வடிவா இருக்கும், கீழ எண்ணெய் பட்டு ஊறி வெடிச்சிருக்கும். கடற்கரைப் பக்கத்து ஆக்களுக்கு கிளிப்பும் உப்புக்காத்தில தின்னுப்பட்டுப் போகும். இதைப் பிடிக்க சங்கத்தில ஒரு சாமான் செய்து வைச்சிருக்கிறம், பிவிசி மூடியில ரயர் வால்வு பூட்டினது, டர்போவுக்குக் காத்து உள்ள போற வாயில இறுக்கிப்போட்டு காத்தடிக்கிற பம்பால 10 பிஎஸ்ஐ மட்டும் அடிச்சு சவர்க்காரத் தண்ணி தெளிச்சா ஓட்டை தானாக் குமிழ் விடும். 15க்கு மேல அடிக்க வேண்டாம், சீல் போகும், பிறகு சங்கத்தைத் திட்டாதேங்கோ.

பெற்றோல் காரெண்டா வேற கதை. ஸ்டார்லட் டர்போ ஒண்டு, 1331 சிசி 4ஈ-எப்டிஈ எஞ்சின், சும்மா ஓடேக்க நல்லபிள்ளை, பூஸ்ற், அதுதான் டர்போக் காத்தழுத்தம், ஏறினோடன வெட்டி வெட்டி இழுக்குது. பிளக் இடைவெளி கூடிப் போச்சு, சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏற பொறி தாவ ஏலாமப் போகுது. அதுக்கு முதல் டயக்னோஸ்டிக் பெட்டியில டிஈ1, ஈ1 ரெண்டையும் ஒரு வயர்த்துண்டால தொடுத்து செக் லைட் எப்பிடி மின்னுது எண்டு எண்ணிப் பாத்தம், பிழைக் கோட் ஒண்டும் இல்லை, பெரிய ஸ்கானர் தேவையேயில்லை.

டீசல் பில்டரும் மறக்கக் கூடாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் கானிலயும் பரலிலயும் சேத்து வைச்சு ஊத்தின ஊத்தை சில தாங்கியளில இப்பவும் கிடக்கு, பில்டரை மாத்தினாலும் திரும்ப அடைக்குது, தாங்கியைக் கழட்டிக் கழுவுறதுதான் வழி.

இவ்வளவும் பாத்தும் சரிவரேல்லையெண்டா டர்போவின்ர வாய்க் குழாயைக் கழட்டி அச்சைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. பக்கவாட்டில கொஞ்சம் ஆடுறது வழமை, எண்ணெய் அழுத்தம் வந்தா நிண்டிடும். முன்னுக்குப் பின்னுக்கு ஆடினாலோ, உள்ள சுத்துற சக்கரத்தின்ர இலை சுவரில உரசின அடையாளம் இருந்தாலோ அப்ப காசை எடுங்கோ.

ரோட் டெஸ்ற் எண்டு ஆனையிறவு நேர் றோட்டில பறக்கிற பெடியளுக்கும் ஒரு சொல்லு, 70 கிலோமீற்றர் வேகத்துக்குள்ளயே இழுவை தெரியும், பொலிஸ் துண்டு எழுதினா சங்கம் கட்டாது.

வாற வருசம் ஒரு பூஸ்ற் கேஜ் வேண்டவேணுமெண்டு நிர்வாகசபை யோசிச்சிருக்கு, சபை சம்மதிச்சா வேண்டலாம். பிவிசி மூடியை இரவல் கொண்டுபோனவர் ஆரெண்டாலும் இந்த மாதத்துக்குள்ள கொண்டு வந்து தாங்கோ, சாவகச்சேரி ஆக்கள் ரெண்டு பேர் காத்துக்கொண்டு நிக்கினம். கணக்கறிக்கையை இப்ப பொருளாளர் வாசிப்பார்.

இப்பிடிக்கு,
செயலாளர்