யார் யாருக்கு மானியம் கொடுக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொண்டு நிறுவனங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல் வாசித்ததால் ஏதோ தவறாகப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இல்லை, 'அரசு மானியத்தில் சுகமாகக் காலம் தள்ளுகிறவர்கள்' என்றே அச்சாகியிருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக நடக்கும் பகல்நேரப் பள்ளியின் பொருளாளர் நான். ஊதியம் கிடையாது. பதினோரு ஆண்டுகளாக நான் அனுபவித்துவரும் சுகத்தைக் கேளுங்கள்.

சிறப்பாசிரியர்கள் மூன்று பேர். சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்களைத்தான் அமர்த்த வேண்டும் என்பது விதி, நல்ல விதிதான். அப்படிப் படித்து வந்தவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டாமா? ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான மானியம் அடுத்த மார்ச் கடைசி வாரத்தில் வரும். இடையில் என் மனைவியின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறது. ஒரு முறை தணிக்கைக்கு வந்தவர், "மானியம் வருவதற்கு முன்பே சம்பளம் கொடுத்ததாக வவுச்சர் இருக்கிறதே, அந்தப் பணம் ஏது?" என்று கேட்டார். சொன்னேன். அடகுச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். இதில் யார் யாருக்கு மானியம் கொடுக்கிறார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் விளக்கினால், வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவேன்.

1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம், நிர்வாகிகள் மாறினால் தர வேண்டிய படிவம் ஏழு எல்லாம் தாங்கள் அறியாததல்ல. வருமான வரி விலக்குக்காக நிரந்தரம் என்று தந்த 12ஏ பதிவை 2021-இல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொன்னார்கள். 2025-இல் மனமிரங்கிச் சிறிய அமைப்புகளுக்கு மட்டும் பத்தாண்டாக்கினார்கள். நன்றி. ஆனால் மளிகைக் கடைக்காரர் மகளின் பிறந்தநாளுக்கு 500 ரூபாய் கொடுத்து வரிவிலக்கு ரசீது கேட்டால், அந்த விவரத்தை மே 31-க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ரசீது கேட்பவரைக் கண்டாலே எனக்கு இப்போது நடுக்கம்.

போலி அமைப்புகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரையில் அவர்கள் எங்களைவிட அழகாகப் படிவம் நிரப்புவார்கள்.

ஆள் தேவைப்படும்போது மட்டும் எங்கள் நினைவு வரும். அதுவும் எப்போதும் இல்லை. 2020 ஊரடங்கில் அரிசிப் பையோடு தெருவுக்கு வந்தவர்களை, நேரடியாகக் கொடுக்காதே, அதிகாரிகளிடம் ஒப்படை என்றது அரசு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனபோது, வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்த புதுக்குடி மக்களே சோறு பொங்கிப் போட்டார்கள். நல்ல வேளை, ஊர்க்காரர்களாக வந்தார்கள். சங்கமாக வந்திருந்தால் அரிசிக்கு மூன்று விலைப்புள்ளி எங்கே என்று கேள்வி வந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. மானியத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை நேரில் கொடுக்கும்போது, தபால் பிரிவில் தேதி முத்திரை குத்தி ஒரு நகலைத் திருப்பித் தரச் சொல்லி எழுதுங்கள். 'வந்து சேரவில்லை' என்று சொல்லி எங்களுக்கு இரண்டு தவணைகள் நின்றன. இரண்டு முறையும் நானே பஸ் ஏறிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தவன். இடமில்லை என்று கடிதத்தை வெட்டுவதானால், இந்தப் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளியின் பொருளாளர்,
தூத்துக்குடி மாவட்டம்