சிங்க முத்திரை இருந்தால் ராஜா வீட்டுக் கடிகாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு குடும்பத்திடம் இருக்கும் பழைய இங்கிலீஷ் பாக்கெட் வாட்ச் பற்றி எழுதியிருந்தீர்கள். வெள்ளி மூடியில் சிங்கம் பொறித்திருப்பதால் அது அரச குடும்பத்தின் அன்பளிப்பாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். அப்பா காலத்திலிருந்து மதுரையில் வாட்ச் ரிப்பேர் செய்தவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் அந்தச் சிங்கம், ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி என்பதற்கான தர முத்திரை. இங்கிலாந்து வெள்ளி ஸ்பூனிலும் அதே சிங்கம்தான் இருக்கும். அதன் பக்கத்திலேயே வெள்ளியைச் சோதித்த ஊரின் அடையாளம் இருக்கும். சிறுத்தை முகம் என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம், மூன்று கதிர்க்கட்டும் ஒரு வாளும் என்றால் செஸ்டர். அப்புறம் ஒற்றை எழுத்து ஒன்று, அதுதான் வருடம். லண்டனில் ஏ முதல் யு வரை, ஜே நீங்கலாக 20 எழுத்துகள். சுற்று முடிந்து மறுபடி ஏ வரும்போது எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டமும் மாறும். கட்டத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்தால் 20 வருடம் பிசகிவிடும்.

இத்தனையும் வாட்சின் வெளிக்கூட்டின் வயதுதான். உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண்ணையும் கூட்டின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தங்கக் கூட்டை உருக்க விற்றுவிட்டு, இயந்திரத்தை வேறு கூட்டில் போட்டுவைத்த கதைகள் ஏராளம்.

டயலில் இருக்கும் பெயரை வைத்துச் செய்தவர் யார் என்றும் முடிவு கட்டியிருந்தீர்கள். பெரும்பாலும் அது விற்றவர் பெயர். இங்கிலாந்தில் அப்போது லங்காஷயரில் இருந்த பிரஸ்காட் வட்டாரத்தில் இயந்திரத்தைக் கரடுமுரடாகச் செய்து அனுப்புவார்கள். லண்டன் கிளார்க்கன்வெல்லிலோ கவென்ட்ரியிலோ அதை முடிப்பார்கள். கடைசியில் கடைக்காரர் பெயர் ஏறும். நம்ம சென்னை கடிகாரக் கடை பி.ஓர் அண்ட் சன்ஸ் பெயர் போட்ட பாக்கெட் வாட்சுகளும் அப்படித்தான். போதாக்குறைக்கு, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்து ‘லண்டன்’ என்று பொறித்து விற்ற போலிகளும் உண்டு. முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் சக்கரமான பேலன்ஸ் வீலை மூடும் பூவேலைத் தகட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகு போட்டிருந்தால் இங்கிலீஷ் வழக்கம். இரண்டு பக்கமும் திருகு என்றால் சந்தேகப்படலாம்.

சாவி கொடுக்கும் பழைய வாட்சில் எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் சங்கிலி. சைக்கிள் செயினை நூல் கனத்துக்குச் சுருக்கினாற்போல இருக்கும். முழுதாக முறுக்கிய வில் (ஸ்பிரிங்) அதிக விசை கொடுக்கும், தளர்ந்த வில் குறைவாகக் கொடுக்கும். அதைச் சமன்செய்யக் கூம்புச் சக்கரம் ஒன்றில் இந்தச் சங்கிலி சுற்றியிருக்கும். இங்கிலாந்தின் தென்கரையில் கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் 1790 வாக்கில் தொடங்கி, பெண்களும் சிறுமிகளும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை அது. இன்று அறுந்தால் ஒட்டுவதற்குக்கூட ஆள் தேட வேண்டும். அதனால் எண்ணெய் காய்ந்த வாட்சுக்கு ஆசையில் சாவி கொடுத்துவிடாதீர்கள்.

பாலிஷ் பொடியும் போடவேண்டாம். அந்தப் பளபளப்புக்கு விலையாகத் தேய்ந்துபோவது வருட எழுத்துதான்.

அடுத்த முறை இப்படி ஒரு வாட்ச் கிடைத்தால் டயலோடு நிறுத்தாமல் மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். வருடத்தை வாசகர்களே சொல்லிவிடுவோம்.

ஓய்வுபெற்ற வாட்ச் மெக்கானிக்,
மதுரை.