பெற்றோர் ஆதரவுக் குழு: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

தீபாவளி ஒன்றுகூடல், வாசிப்புத் துணை, தேர்வுக்கால உதவி ஆகிய வழக்கமான பணிகள் குறையின்றி நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். மாணவர்கள் திட்டமிட்டு, அவர்களே மதிப்பிட்ட மறுபயனீட்டுத் திட்டத்தைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் மாணவர்களுக்கு இது கைக்குறிப்பாக உதவ வேண்டும்.

சிங்கப்பூரின் நீல நிற மறுபயனீட்டுத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு, உணவோ பானமோ பட்டதாலும் சேரக்கூடாதவை கலந்ததாலும் கழிக்கப்படுகிறது. கழித்தது எரியாலைக்குப் போகிறது. மிஞ்சும் சாம்பல் செமக்காவ் தீவின் நிரப்புநிலத்துக்குப் போகிறது. 2035 வாக்கில் அந்த இடமும் நிறைந்துவிடும் என்பது கணிப்பு. அதனால் தொட்டி நிறைந்திருக்கிறதே என்று மகிழ வேண்டாம், அதற்குள் கிடப்பதில் எத்தனை தேறும் என்று பாருங்கள் என்று மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

தொட்டி வாங்குவதற்கு முன்பே கணக்கெடுப்பு நடக்க வேண்டும். சிற்றுண்டிச்சாலை, வகுப்பறை மாடி ஒன்று, நகலெடுக்கும் அறை ஆகிய மூன்று இடங்களின் குப்பையைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பிரித்து நிறுக்க வேண்டும். தேர்வு வாரமும் விளையாட்டு விழா வாரமும் ஆகா. அந்த நாள்களின் குப்பை வழக்கமான குப்பை அல்ல. தார்ப்பாய், நீண்ட இடுக்கி, தடித்த கையுறை, முன்மூடிய காலணி, 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசு, ஐந்து வாளி போதும். தாள், பிளாஸ்டிக் போத்தல், உலோகக் கலன், உணவு, மற்றவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி. வாளியின் வெற்று எடையைக் கழிக்க மறந்தால் அன்றைய கணக்கு முழுவதும் வீண். உடைந்த கண்ணாடியைப் பெரியவர்கள் மட்டுமே எடுக்க வேண்டும்.

எடையில்தான் பெரும் தவறு நேர்கிறது. 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் போத்தல் காலியாக இருந்தால் 10 முதல் 20 கிராம்தான் இருக்கும். அதன் அடியில் 50 மில்லிலிட்டர் பானம் மிஞ்சினாலே தராசு இன்னும் 50 கிராம் கூட்டிக் காட்டும். அப்படி நிறுத்தால் நாம் கணக்கெடுப்பது போத்தலை அல்ல, பானத்தை! ஆகவே கவிழ்த்து வடித்தபிறகே நிறுக்க வேண்டும். போத்தலையும் கலனையும் எண்ணிக்கையாகவும் குறிக்க வேண்டும். தாள் கணக்கு எளிது. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள வகை ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். ஒரு கிலோ என்றால் 200 தாள், 500 தாள் கட்டு 2.5 கிலோ. ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்களைத் தனியே நிறுத்தால், இருபுறமும் அச்சிட்டு எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்று ஆசிரியர்களுக்கு எண்ணிலேயே காட்டலாம்.

தொட்டியைத் தனியாக எங்கோ மூலையில் வைத்தால் அது குப்பைத் தொட்டியாகவே மாறிவிடும். பொதுக் குப்பைத் தொட்டியை ஒட்டியே வைக்க வேண்டும். தாள் தொட்டிக்கு மெல்லிய நீளப் பிளவு, போத்தல் தொட்டிக்கு வட்டத் துளை. மூடியில் எழுத்தைவிட உண்மையான பொருளை ஒட்டுவதே மேல். தாள் தொட்டியைக் கெடுப்பது முக்கியமாக டிஷ்யூ. அதன் இழை மிகக் குட்டை, போதாததற்கு அழுக்கும் சேர்ந்திருக்கும். எண்ணெய் பட்ட உணவுத் தாளும் உதவாது. கூழாக்கும்போது எண்ணெய் இழையைவிட்டுப் போவதில்லை. தாளிலுள்ள ஊசிகளைப் பிடுங்க மாணவர்கள் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, கூழாக்கும்போதே அவை பிரிந்துவிடும். பிளாஸ்டிக் உறையிட்ட லேமினேட் தாள்தான் ஆகாது.

சிற்றுண்டிச்சாலையில் தொட்டிக்கு முன்னால் வடிகட்டியுள்ள வாளி ஒன்று கட்டாயம். முதலில் பானத்தை ஊற்ற வேண்டும், பிறகே போத்தலைப் போட வேண்டும். அந்த வாளியை அன்றன்றே காலி செய்ய வேண்டும். மழை படும் இடத்தில் திறந்த தொட்டி கூடவே கூடாது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். டெங்கிக்கு இடம் கொடுத்துவிட்டுச் சுற்றுப்புறம் காக்க முடியாது. இன்னொரு முக்கியமான விஷயம்: இரண்டு தொட்டிக்கும் ஒரே கறுப்புப் பை போட்டால், துப்புரவு செய்யும் அக்காமார் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோவது இயல்பு. தவறு அவர்களுடையது அல்ல. மறுபயனீட்டுக்குக் கண்ணாடிபோல் தெரியும் பை போட்டு, திட்டம் தொடங்கும் நாளன்றே அவர்களை அழைத்துப் பேச வேண்டும்.

மதிப்பீட்டுக்கு, ஒரு தவணை கழித்து, அதே மூன்று இடங்களில், அதே ஐந்து நாள் மீண்டும் நிறுக்க வேண்டும். தேறும் எடையை மொத்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் தொட்டியின் தூய்மை விழுக்காடு வரும். அதோடு பொதுக் குப்பையில் தவறிப்போன போத்தல்களையும் எண்ண வேண்டும். சேகரிப்பு கூடியது மட்டும் வெற்றிக்குச் சான்றாகாது. நிகழ்ச்சி ஒன்றில் போத்தல் நீர் கொடுத்தாலே சேகரிப்பு ஏறிவிடும், பயன்பாடு குறைந்திருக்காது. நீர் நிரப்பும் குழாய்க்குப் பக்கத்தில் சொந்தப் போத்தலை நினைவூட்டும் அட்டை, பத்துத் தொட்டியைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

2026 ஏப்ரல் 1 முதல் பானக் கலன் திரும்பப்பெறும் திட்டம் நடப்புக்கு வருகிறது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான, வைப்புத்தொகைச் சின்னமுள்ள பிளாஸ்டிக் போத்தல், உலோகக் கலன் ஒவ்வொன்றுக்கும் 10 காசு திரும்பக் கிடைக்கும். அட்டைப்பெட்டிப் பானம் இதில் சேராது. கலனை நசுக்கினால் இயந்திரம் பட்டைக்குறியைப் படிக்காது; காலால் மிதித்துத் தட்டையாக்கும் பழைய பழக்கத்தை மாணவர்கள் விட வேண்டும். திரும்பும் காசு யாருக்குச் சேரும், எப்படிக் கணக்கில் வரும் என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே பள்ளியோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தராசு ஒன்று, கையுறைகள், தெளிவான பைகள் வாங்கவும், அடுத்த ஆண்டின் முதல் கணக்கெடுப்பை இரண்டாம் தவணையின் மூன்றாம் வாரத்தில் நடத்தவும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்