‘கண்ணாடி உடம்பு’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லக்னோ ஐபிஎல் அணி 11 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்த வேகப்பந்து வீச்சாளர் மயங்க் யாதவ் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில், ‘இந்தக் கண்ணாடி உடம்புக்கா 11 கோடி?’ என்று ஒரு வரி. வேடிக்கைக்காக எழுதியிருப்பார். நானும் சிரித்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

2024 மார்ச் 30 அன்று லக்னோவில் பஞ்சாப் அணிக்கு எதிராகத் தன் முதல் ஐபிஎல் ஆட்டத்தில் அந்தப் பையன் 27 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தான். வேகம் மணிக்கு 155.8 கிலோமீட்டர். மூன்று நாள் கழித்து பெங்களூரில் 156.7, அங்கே 14 ரன்னுக்கு 3 விக்கெட். புயல், ஏவுகணை, மின்னல் என்று அகராதியில் இருந்ததையெல்லாம் அந்த வாரமே செலவழித்தவர்கள் நீங்கள்தான். அடுத்த ஆட்டத்தில் ஒரே ஓவர் போட்டுவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். அதுவரை அவன் ஆடியிருந்த முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்று. நாலு நாள் ஆட்டம் ஆடி உரமேறாத உடம்பு அது. இந்த விவரம் அன்றும் தங்கள் பத்திரிகையில் வரவில்லை, இன்றும் வரவில்லை. நடுவில் அவன் கட்டிலில் கால்விரலை இடித்துக்கொண்டதற்கு ஒரு கேலிச்சித்திரம் மட்டும் வந்தது. (அது நன்றாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.)

வேகப்பந்து வீசுகிறவன் முன்காலை ஊன்றும் அந்த ஒரு கணத்தில், அவன் எடையைப்போலப் பல மடங்கு பாரம் காலில் இறங்கி, முறுக்கி வளைந்து நிற்கும் அடிமுதுகில் போய்ச் சேருகிறது. இருபது வயதைத் தாண்டியும் அங்கே எலும்பு முழுதாக முற்றியிருக்காது. போடப் போட மயிரிழையாக விரிசல் விழும். எக்ஸ்ரேயில்கூடப் பல நேரம் தெரியாது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்குப் பையன் நடிப்பதாகத்தான் தோன்றும்.

இது நான் புத்தகத்தில் படித்தது அல்ல. 1983, எனக்கு 19 வயது, மாவட்ட லீக், மேட்டிங் என்கிற பாய் விரித்த ஆடுகளம். காலையிலிருந்து ஒரு முனையில் நான் மட்டும்தான். “தம்பி, இன்னும் ரெண்டே ஓவர்டா” என்று கேப்டன் சொல்லிச் சொல்லியே 23 ஓவர் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் கீழே கிடந்த துண்டை எடுக்கக் குனிய முடியவில்லை. வாயுப்பிடிப்பு என்றார் வைத்தியர். தைலம் தடவிக்கொண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் போய்ப் போட்டேன், அதோடு சரி. இன்றைக்கும் ஷூ கயிறு கட்ட நாற்காலி வேண்டும். கிளப்பில் எனக்கு வைத்த பெயர் ‘சோளத்தட்டை’. தங்கள் கட்டுரையாளர் கண்ணாடி என்கிறார். நாற்பது வருஷத்தில் நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973 வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகெலும்பில் விரிசல் விட்டு ஆட முடியாமல் போனதும், 1974-75-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் எழுந்து வந்ததும் தங்களுக்குத் தெரியாததா? அதே லில்லிதானே 1987 முதல் நம் சென்னையில் எம்ஆர்எப் பேஸ் பவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சிக்கூடத்தில் பையன்களுக்குப் பந்துவீச்சுச் சொல்லிக்கொடுத்தார்! அதே நாட்டின் பேட் கம்மின்ஸ் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்ட நாயகன் ஆனது 2011 நவம்பரில். அடுத்த டெஸ்ட் ராஞ்சியில், 2017 மார்ச்சில். நடுவில் முதுகுக் காயம் உட்படக் காயத்துக்கு மேல் காயம். ஐந்து வருஷத்துக்கு மேல் அவரைப் பொறுத்துக்கொண்டார்கள். நாம் ஐந்து வாரம்கூடப் பொறுப்பதில்லை.

நம்ம சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான கையோடு, பந்தை வீசும் ஆக்‌ஷன் விதிப்படி இருக்கிறதா என்று சந்தேகம் என்றார்கள். வீசும் விதத்தையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். பயிற்சியில் பந்து போடும் நெட் பவுலராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், 2020 டிசம்பர் 2-இல் கான்பெராவில் தொடங்கி 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் முடிய, 44 நாளில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். தாங்கள் எழுதியது என்ன? ஓட்டு வீடு, அம்மாவின் கடை, கண்ணீர். பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கரை எப்படிப் போடுகிறார் என்று ஒரு பத்தி கிடையாது. அந்த ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது இதையெல்லாம் விவரித்துத் தங்களுக்கு நாலு பக்கம் எழுதினேன். அந்த வாரம் பிரசுரமானது குறுக்கெழுத்துப் போட்டியில் பிழை இருப்பதாக ஒருவர் எழுதிய கடிதம்.

மயங்க் விஷயத்துக்கு வருகிறேன். 2025-இல் திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் ரோகித், ஹர்திக் விக்கெட்டுகளை எடுத்தவனுக்கு, அடுத்த ஆட்டத்தோடு முதுகு போய்விட்டது. அவன் என்ன வேண்டுமென்றேவா முதுகை ஒடித்துக்கொள்கிறான்? சிறு வயதில் எந்த மைதானத்தில், எத்தனை ஓவர், யார் சொல்லிப் போட்டான் என்று எவராவது எழுதி வைத்திருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முன்பெல்லாம் திங்கட்கிழமை இதழில் மாவட்ட லீக், பள்ளி ஆட்டங்களின் முடிவுகளோடு பந்துவீசியவர்கள் பெயரும் ஓவர் கணக்கும் பொடி எழுத்தில் வரும். இப்போது அரை சதம் அடித்தவர் பெயர் மட்டும் வருகிறது. அந்த ஒரு வரியை மறுபடியும் போடுங்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்றால் ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இங்கே பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். கிளப்பில் எத்தனை ஓவர் போட்டாய் என்று கேட்டால், ஞாபகமில்லை சார் என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்