ஈரக் கரட்டை மூட்டை கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாக் கரட் தம்புள்ளை போய்ச் சேர்வதற்குள் வழுவழுத்து நாறினால் லொறியின் தாமதத்தையே எல்லோரும் குறை சொல்கிறார்கள். பாதிக் காரணம் கழுவும் இடத்தில் இருக்கிறது. ஒரே தொட்டி நீரில் நாள் முழுக்கக் கழுவினால், அழுகிய ஒரு கிழங்கின் பக்டீரியா மற்றவற்றின் கீறல்களுக்குள்ளும் புகுந்துவிடும். அதை ஈரத்தோடு உரப்பையில் திணித்து, குளிர் மலையிலிருந்து வெப்பமான ஊருக்கு இறக்கினால் அழுகாமல் என்ன செய்யும்?

வெடித்ததையும் வெட்டுப்பட்டதையும் முதலில் பிரித்துவிட வேண்டும். மண் போகக் கழுவியபின், 10 லீற்றர் சுத்தமான நீரில் கிருமி கொல்லும் குளோரின் திரவமான 5 வீதச் சோடியம் ஹைப்போகுளோரைற்று 20 மில்லிலீற்றர் கலந்து, 2, 3 நிமிடம் அமிழ்த்தி, நல்ல நீரில் அலசலாம். கலங்கிய கரைசலை மாற்றியே ஆகவேண்டும். சேறு குளோரினைத் தின்றுவிடும். பிறகு நிழலில் காற்றாட உலர்த்தி, பிளாஸ்டிக் கூடையில் விளிம்புக்குக் கீழேயே நிரப்ப வேண்டும். குவித்தால் மேற்கூடை நசுக்கும். களஞ்சியத்தில் பழுத்த வாழை பக்கத்தில் வேண்டாம், அது விடும் எதிலீன் வாயுவால் கரட் கசக்கும்.

கொடுத்த கூடை திரும்பி வராது என்ற விவசாயிகளின் தயக்கம் நியாயமானதே. மொத்தச் சந்தைகளான பொருளாதார மத்திய நிலையங்களில் நிறைந்த கூடைக்கு வெறுங்கூடை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு உடனே வேண்டும்.

மரக்கறிச் செய்கையாளர்கள்,
நுவரெலியா