எது வேலை, எது வேலை இல்லை? குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கட்டுப்பாட்டாளர் நாயகம் அவர்களுக்கு,

வடமராட்சியில் ஒரு கிராமத்து வாசிகசாலையின் செயலாளராக இருந்து இதை எழுதுகிறேன். நான் இலங்கைப் பிரஜை. எனக்கு விசா எதுவும் தேவையில்லை. எங்கள் ஊரிலோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வாழும் முதியவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். எண்பதுகளில் கலவர காலத்தில் புறப்பட்டுப் போய், லண்டனிலும் ஒஸ்லோவிலும் ஜேர்மனியிலும் முப்பது வருடம் உழைத்து, பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு, ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தவர்கள். அவர்களுக்காகவும், அவர்களை நம்பியிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்காகவும் உங்களிடம் ஒரு விளக்கம் கேட்கிறேன்.

இவர்களில் சிலர் உங்கள் திணைக்களத்தின் ‘மை ட்ரீம் ஹோம்’ விசாவில் இருக்கிறார்கள். 55 வயது தாண்டியிருக்க வேண்டும், 15,000 டொலர் வைப்பிலிட வேண்டும், மாதம் 1,500 டொலரும் துணைவருக்கு மேலும் 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்து வந்தவர்கள். இந்த விசாவில் வந்தவர் இங்கே வேலை செய்யக் கூடாது. அந்த நிபந்தனையோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஓய்வெடுக்க வந்தவர் இங்குள்ள ஓர் இளைஞனின் பிழைப்பில் கைவைக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் வேலை என்றால் என்ன? சாதாரண ஆள் வாசித்து விளங்கிக்கொள்ளும்படி இதற்கு ஒரு பதில் எங்கள் கையில் இல்லை. பதில் இல்லாததால் எங்கள் ஊரில் நடப்பதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ரயில்வேயில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பின்னேரங்களில் வாசிகசாலை விறாந்தைக்கு வருவார். சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் கணிதக் கொப்பிகளோடு அவரைச் சுற்றி இருப்பார்கள். திரிகோண கணிதம் தலையில் ஏறாத பிள்ளைகளை ஒருநாள் வளவுக்குள் கூட்டிப்போய், ஒரு மீற்றர் தடியை நிலத்தில் நட்டு அதன் நிழலை அளக்கச் சொன்னார். பிறகு பனையின் நிழலை அளக்கச் சொன்னார். அளவுநாடா போதாமல் இரண்டு சாரங்களை முடிச்சுப்போட்டு நீட்டினார்கள். மரத்தில் ஏறாமலே பனையின் உயரம் கொப்பியில் வந்து நின்றபோது, கணிதத்தில் எப்போதும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை அடுத்த பனைக்கு ஓடினாள். இதற்காக அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. வெண்கட்டியும் அவர் காசுதான்.

பிறகு அவருடைய உறவினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், எச்சரித்தார். சுற்றுலா விசா நிபந்தனையில் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ எந்த வேலையும் கூடாது என்று இருக்கிறது, உங்கள் விசாவுக்கும் அதுதான் பொருந்தும், யாராவது பெட்டிசம் போட்டால் அடுத்த முறை விசா புதுப்பிக்க முடியாது என்றார். பொறியியலாளர் என்னிடம் வந்தார். “தம்பி, நான் செய்வது வேலையா, இல்லையா? எழுத்தில் ஒன்று வாங்கித் தர முடியுமா?” என்று கேட்டார். என்னால் முடியவில்லை. கேட்ட இடங்களில் ஒருவர் பரவாயில்லை என்றார், ஒருவர் கூடாது என்றார், எழுதித்தர ஒருவரும் முன்வரவில்லை. இப்போது அவர் வாசிகசாலைக்கு வந்து பத்திரிகை வாசித்துவிட்டுப் போகிறார். பிள்ளைகள் கொப்பியை நீட்டினால் உள்ளே போய்விடுகிறார்.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. சட்டப்புத்தகத்தை ஒருநாளும் திறந்திராத மனிதர்கள், தங்கள் அன்றாடக் காரியங்களையே இப்படித் தடவித் தடவிச் செய்கிறார்கள். சங்கக்கடைக் கணக்கில் பிழை எங்கே என்று பார்த்துத் தரும்படி கேட்டால், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர் பேனையைத் தொடத் தயங்குகிறார். தாதியாக இருந்தவர் மாதர் சங்கக் கூட்டத்தில் நீரிழிவு பற்றி அரைமணி நேரம் பேசலாமா என்று கேட்கிறார். சிரமதானத்தில் மண்வெட்டி பிடிக்கலாமா? செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் அன்னதான மடத்தில் உட்கார்ந்து மரக்கறி வெட்டலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். நேர்ந்துகொண்டு வந்த ஓர் அம்மா, உண்மையாகவே பயந்து கேட்டார்.

இன்னும் சில கேள்விகள் உண்டு. ஒஸ்லோவில் தான் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் இங்கே சீவிப்பவர் வேலை செய்கிறாரா? அங்குள்ள குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டு, இங்கே இரவில் கணினி முன்னால் கூட்டத்தில் பங்கெடுப்பவர்? ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அதைத் தமிழ்நாட்டில் அச்சிட்டு விற்பவர்? தன் வீட்டு அறையொன்றை வெள்ளைக்காரப் பயணி ஒருவருக்கு இரண்டு நாளைக்குக் கொடுத்துக் காசு வாங்குபவர்? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதல் மூன்றும் வேலை இல்லை. நான்காவது வேலைதான், அதற்கு உரிய பதிவும் அனுமதியும் வேண்டும். ஆனால் என் அபிப்பிராயத்தை நம்பி எவரும் விசாவைப் பணயம் வைக்க முடியாது.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன என்று பார்த்தேன். எங்களுக்கு மிகவும் உதவக்கூடிய பாடம் தாய்லாந்தில் இருக்கிறது. ஐம்பது வயது கடந்த வெளிநாட்டவர்களை ஓய்வூதிய விசாவில் வரவேற்கும் நாடு அது. வங்கியில் 800,000 பாத் அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். அங்கே 2008ஆம் ஆண்டுச் சட்டம், கூலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உடல் உழைப்பைச் செலுத்தினாலோ அறிவைப் பயன்படுத்தினாலோ அது வேலை என்றது. அறிவைப் பயன்படுத்தாமல் ஒரு மனிதன் எப்படி ஒருநாளைக் கழிப்பது? சொந்த வீட்டு மதிலுக்கு வர்ணம் பூசலாமா, அநாதை இல்லத்தில் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசலாமா என்று அங்கிருந்த ஓய்வூதியர்கள் ஆண்டுக்கணக்கில் ஆளுக்கொரு விளக்கத்தோடு குழம்பினார்கள். 2018 மார்ச்சில் அந்த வரைவிலக்கணத்தை அரசு மாற்றியது. முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தொழிலில் ஈடுபடுவதுதான் வேலை என்று சுருக்கியது. உள்ளூர் மக்களுக்கென ஒதுக்கிய தொழில்களின் பட்டியலை அதற்காக அது கைவிட்டுவிடவில்லை. சுற்றுலா வழிகாட்டி, முடிதிருத்துபவர், தாய் மசாஜ் செய்பவர் என்று அந்தக் காவல் இன்றும் அங்கே இருக்கிறது.

கனடா இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஊதியமோ தரகோ கிடைக்கும் செயல் வேலை; கிடைக்காவிட்டாலும், கனடாவின் தொழிற்சந்தையில் அந்நாட்டவர்களோடு நேரடியாகப் போட்டியிடும் செயல் வேலை. இந்த இரண்டும்தான் அதன் வரைவிலக்கணம். அதிகாரிகளுக்கான வழிகாட்டியில் உதாரணமும் இருக்கிறது: மகளுக்குப் பிள்ளை பார்க்க உதவும் தாயும், மருமகன் தன் விடுமுறை வீட்டைக் கட்டும்போது கைகொடுக்கும் மாமனும் வேலை செய்பவர்கள் அல்ல. ஸ்காபரோவுக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்வரும் எங்கள் ஊர் அம்மம்மாக்கள் எத்தனையோ பேரைக் காப்பாற்றும் வரி அது. பிரித்தானியா, பார்வையாளராக வந்தவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாளுக்கு மேற்படாமல் தொண்டு செய்யலாம் என்று நாள்கணக்கே கொடுத்துவிட்டது. அவுஸ்திரேலியா, வழக்கமாக ஊதியம் கிடைக்கக்கூடிய எந்தச் செயலும் வேலை என்கிறது. அந்த வழி எங்களுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். உலகத்தில் எதற்குத்தான் யாரோ ஒருவர் காசு கொடுக்கவில்லை?

உங்கள் பக்கத்துக் கவலையையும் நான் அறிவேன். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒரு கொண்டாட்டம் விளம்பரப்படுத்தப்பட்டு, நாடே கொதித்தது. நீடிக்கப்பட்ட சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு உணவகமும் தங்குவிடுதியும் நடத்துகிறார்கள் என்று தென்கரைத் தொழிலாளர்கள் முறையிட்டதும் அந்த நாட்களில்தான். அலைச்சறுக்குக் கற்பித்துப் பிழைக்கும் வெலிகமப் பையனுக்கும், அறுகம்பையில் முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கும் அது வயிற்றுப் பிரச்சினை. அவர்களுக்காக நீங்கள் இறுக்கமாக நிற்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோடு தெளிவில்லாமல் இருந்தால், அதைத் தாண்டத் துணிந்தவன் எப்படியும் தாண்டுகிறான். தனக்கு யார் துணை, எந்தப் பெயரில் உரிமம் எடுப்பது என்று அவனுக்குத் தெரியும். நின்றுவிடுபவர் யார் என்றால், வரி ஏய்க்காமல் வாழ்ந்து பழகிய எங்கள் பொறியியலாளர். பயத்தால் மட்டும் காக்கப்படும் நிபந்தனை பயப்படுபவரைத்தான் கட்டிப்போடுகிறது.

இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டால் கதை முடிந்ததே என்று தங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். எடுக்க முடிந்தவர்கள் எடுக்கட்டும். எல்லோராலும் முடியாது. டென்மார்க் 2015 செப்டம்பரிலும், நோர்வே 2020 ஜனவரியிலும், ஜேர்மனி 2024 ஜூனிலும்தான் இரண்டாவது குடியுரிமைக்குக் கதவைத் திறந்தன. அதற்கு முன் பழையதைக் கைவிட்டுப் புதியதை எடுத்தவர்கள் இப்போது எழுபதைத் தொடும் வயதில் மறுபடி ஆவணம் தேடுகிறார்கள். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். நெதர்லாந்திலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை பெற்றவர்களுக்குச் சிக்கல் இன்னும் இருக்கிறது. காலியிலும் கண்டியிலும் ஓய்வுக்கு வந்து வாழும் ஐரோப்பியர்களுக்கு இந்த வழியே இல்லை; அவர்களிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விரும்புபவர்கள் இருப்பார்கள்.

இனி, எனக்கே கடினமாக இருக்கும் ஓர் உதாரணத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதி முன்பள்ளிகளில் கற்பிக்கும் இளம்பெண்களுக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்லக் கூசும் தொகை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஓர் ஆசிரியை, நான் ஐந்து நாளும் வந்து இலவசமாகவே கற்பிக்கிறேன் என்று முன்வந்தால் முன்பள்ளிக் குழு என்ன செய்யும்? கையில் காசு இல்லாத குழு, அந்த இளம்பெண்ணை நிறுத்திவிட ஆசைப்படும். அப்படி நடந்தால் அந்த இலவசக் கற்பித்தல் என் கணக்கில் வேலைதான். ஒரு சதம் வாங்காவிட்டாலும் வேலைதான். அதை நீங்கள் தடுக்க வேண்டும். ஆகவே சம்பளம் வாங்கவில்லை என்பதை மட்டும் பார்த்து அனுமதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. இங்குள்ள ஒருவர் காசு பெற்றுச் செய்யும், அல்லது செய்யக் கிடைக்கும் வேலையை இந்த உழைப்பு பறிக்கிறதா என்று பாருங்கள். விறாந்தையில் நிழல் அளந்த வகுப்புக்கு யாரும் சம்பளத்துக்கு வரவிருக்கவில்லை. அங்கு வந்த பிள்ளைகள் டியூட்டரிக் காசு கட்ட முடியாதவர்கள்.

பதிவு தேவைப்படும் தொழில்களை இதில் கலக்க வேண்டாம். வைத்தியர் மருந்து எழுதுவதற்கும் சட்டத்தரணி நீதிமன்றம் ஏறுவதற்கும் அந்தந்தத் தொழிலின் சட்டங்கள் இருக்கின்றன. தொண்டு என்ற பெயரில் அவற்றைத் தாண்ட எவருக்கும் உரிமை இல்லை. தாதி நீரிழிவு பற்றிப் பேசலாம், ஊசி போடக் கூடாது. இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக் கூடிய விஷயம் இது.

நான் கேட்பது புதிய சட்டம் அல்ல. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று ஒரு கிராமத்துச் செயலாளர் கேட்டுப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். வதிவிட விசாவில் இருக்கும் ஓய்வூதியர்களுக்கென்று மூன்று மொழிகளிலும் ஒரு வழிகாட்டியை வெளியிடுங்கள். இரண்டு பக்கம் போதும். கனடாக்காரர் செய்ததுபோல் பெயர்சொல்லி உதாரணம் கொடுங்கள்: கோயில் தொண்டு, சிரமதானம், உறவினர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம், வெளிநாட்டு வாடகை, வெளிநாட்டுக் கூட்டம் இவையெல்லாம் வேலை அல்ல, கடை, விடுதி, கட்டண வகுப்பு, வழிகாட்டி இவையெல்லாம் வேலை. இரண்டுக்கும் நடுவே நிற்பவற்றுக்கு, வாசிகசாலையோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ ஒரு படிவம் நிரப்பி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் கொடுக்கும் வழி ஒன்றை ஏற்படுத்துங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற வரம்பையும் நீங்களே விதியுங்கள். யாருடைய பிழைப்பும் பறிபோகவில்லை என்பதற்கு நாங்கள் கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுக்கிறோம். பொய் சொன்னால் எங்கள் சங்கப் பதிவை இரத்துச் செய்யுங்கள்.

வழிகாட்டி வெளிவந்ததும் அதன் பிரதியை வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தங்கள் அலுவலகங்களில் மக்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும். அதுவரைக்கும், நான் மேலே எழுதிய கணித வகுப்பு வேலையா இல்லையா என்ற ஒரு கேள்விக்காவது, தங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் ஒரு பதில் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
ஒரு கிராமத்து வாசிகசாலை, வடமராட்சி